ஐந்தாம் முளைக்கு மேலே ஒரு பலூன்

அவள் எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவியானதற்குக் காரணம் ஒரு வேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம். ஊருக்கு மேலே இருக்கும் மேட்டில் ஐந்து காற்றாலைகள் வரப்போகின்றன, ஒவ்வொன்றும் இறக்கை நுனிவரை நூற்றைம்பது மீட்டர் உயரம் என்று தெரிந்து ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். மைக் பாதியில் செத்துப்போனது. மருந்துக்கடைக்காரர் மேடையில் நின்று உணர்ச்சிவசப்பட்டுக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வரிசைக்குப் பின்னால் வெறும் வாயசைப்புதான் போய்ச் சேர்ந்தது. கடைசி வரிசையில் இருந்த அவள் மணியைப் பார்த்தாள். ஐந்து மணிக்கு ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கும் பாடம். வெளியே அவளுடைய காருக்குக் குறுக்கே யாரோ வண்டியை நிறுத்தியிருந்தார்கள். எழுந்தாள்.

"வெள்ளை வேன் யாரோடது? நாங்க போறதா வேணாமா? கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சுட்டீங்களா? ஒழுங்கா எடுத்துட்டுப் போங்க!"

வெள்ளை வேன் காற்றாலைக் கம்பெனியுடையது என்று அவளுக்குத் தெரியாது. மண்டபத்துக்குத் தெரியும். அது கைதட்டலில் அதிர்ந்தது. பத்தே நிமிடத்தில் அவளைத் தலைவியாக்கிவிட்டார்கள். ரிவர்ஸ் பாடம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். ஊரில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் அவளிடம் பழகியவர்கள்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் "பிரேக்!" என்று போடும் சத்தத்தில் எதிரே வருகிற வண்டியும் சேர்ந்து நின்றுவிடும் என்பார்கள். அதனால் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா.

வாய் தவறித் தலைவியானாலும் எதிர்ப்பு உண்மையானதுதான். மாலையில் கடைசிப் பாடம் முடிந்து, மாடியில் காலை நீட்டிக்கொண்டு அவள் பார்ப்பது அந்த மேட்டைத்தான். அங்கே ஒன்றுமே இல்லாததுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. நாளெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் லாரியும் ஸ்கூட்டருமாகப் பார்த்த கண்ணுக்கு அந்த வெறுமை வேண்டியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், மேட்டில் பாதி அவளுடைய தங்கையின் நிலம். தங்கை அங்கே பதினெட்டு மாடுகளோடு பால் பண்ணை நடத்துகிறாள். கம்பெனி அளந்து அடித்த ஐந்து முளைகளில் நான்காவதும் ஐந்தாவதும் அவள் இடத்தில்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஊர்க்கூட்டத்தில் அக்கா கையை ஓங்கிக்கொண்டு நிற்கும் படம் அவளுடைய போனுக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வழக்கம்போலச் சாப்பிட வந்தாள். அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மேசைக்கு நடுவில் அவர் மாட்டிக்கொண்டார்.

"அத்தான், இந்த உப்பைக் கொஞ்சம் தலைவியம்மா பக்கம் தள்ளுங்க."

"வேணாம்னு சொல்லுங்க," என்றாள் அக்கா. "மேட்டை வித்த கையால எனக்கு எதுவும் வேணாம்."

"விக்கல, வாடகைக்குத்தான் விட்டிருக்கேன். அங்க புல்லு நிக்கல, மண்ணு நிக்கல. இருக்கிறது காத்து ஒண்ணுதான். அதை வாடகைக்கு விட்டா இவளுக்கு எங்க வலிக்குதுன்னு கேளுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளான்னு கேளுங்க."

"சொல்றதுக்கு முன்னாடி கூட்டம் போட்டது யாருன்னு கேளுங்க."

அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. உப்பை நட்ட நடுவில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்தபோது தங்கை போயிருந்தாள். அதற்கப்புறம் மூன்று மாதம் அந்த வீட்டுக்குப் பண்ணையிலிருந்து பால் தவறாமல் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் மருந்துக்கடைக்காரர் பதினொரு காரணங்களோடு ஒரு மனு எழுதினார். நான்காவது காரணம்: 'எங்கள் மேட்டில் காற்றாலை சுழலும் அளவுக்குக் காற்றே கிடையாது.' ஒன்பதாவது: 'எங்கள் மேட்டில் அடிக்கும் பேய்க்காற்றில் இறக்கை பிய்ந்து ஊருக்குள் விழும்.' கம்பெனியின் இன்ஜினியர் முப்பது வயதுப் பெண். தடித்த பூட்ஸும் அடங்கிய குரலும் உள்ளவள். மனுவோடு மருந்துக்கடைக்கே வந்துவிட்டாள்.

"சார், இந்த ரெண்டுல நான் எதை எடுத்துக்கணும்?"

"ரெண்டையும்," என்றார் அவர் கம்பீரமாக.

பலூன் யோசனையும் அவருடையதே. கம்பெனி அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸில், சிரிக்கிற மாட்டுக்குப் பின்னால் காற்றாலைகள் பல் குத்தும் குச்சி அளவில் தெரிந்தன. "நிஜமா எவ்வளவு உசரம்னு ஜனங்க கண்ணால பாக்கட்டும்," என்றார். புதுக்கடை திறப்புகளுக்கு மேலே ராட்சத பலூன் பறக்கவிடுகிறவர் ஒருவர் இருந்தார். நூற்றைம்பது மீட்டர் கயிற்றில் ஒரு சிவப்பு பலூன். எல்லாம் சரி, அதைக் கட்ட மேட்டுக்குள் போக வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள்.

அவள் போனபோது தங்கை கறவை இயந்திரத்தின் ரப்பர் குழாய்களை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அத்தான் வரலையா? யார் மூலமா பேசறது?"

"அவருக்குக் கடையில ஆள் வந்திருக்கு. நேராவே பேசறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உன் இடத்துல ஒரு பலூன் கட்டணும்."

தங்கை விஷயத்தைக் கேட்டாள். குழாயை உதறிக் கொக்கியில் மாட்டினாள். சிரிப்பை அடக்குவது கன்னத்தில் தெரிந்தது.

"கட்டிக்கோ. ஆனா ஒண்ணு. கம்பெனி அடிச்ச முளை மேலதான் கட்டணும், உனக்குத் தோதான இடத்துல இல்ல. அப்புறம், உன் மாடியில நின்னு பாத்துட்டு ஐயோன்னு கத்தக் கூடாது. ஒரு தெரு விடாம போய்ப் பாக்கணும். நீதான். கண்டவங்க சொன்னதைக் கேட்டுட்டு வரக் கூடாது."

"பாக்கறேன்."

"சத்தியமா?"

"என்னடி, சின்னப் பிள்ளை மாதிரி. பாக்கறேன்னா பாக்கறேன்."

குறித்த நாளில் காலை எட்டு மணிக்கு, ஐந்தாவது முளைக்கு மேலே சிவப்பு பலூன் எழும்பியது. இன்ஜினியரே வந்து கயிற்றை அளந்து கொடுத்தாள். காற்று அசையவில்லை, பலூன் பொட்டு வைத்தாற்போல நின்றது. மருந்துக்கடைக்காரர், "பாத்தீங்களா, நாலாவது காரணம்!" என்று இன்ஜினியரிடம் விரலைக் காட்டிவிட்டு, நோட்டும் பேனாவுமாகப் பயிற்சிக் காரில் ஏறினார். பிரேக் அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

முதலில் அவளுடைய வீட்டு மாடி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு தெரிந்தது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அதுவும் மறைந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்ட குரல் அவளுக்கே ஏமாற்றமாக ஒலித்தது.

மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. அவர் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தார். எக்கிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் மேல ஏத்தச் சொல்லுங்களேன்," என்றார்.

"சார், அப்ப அது காத்தாலை இல்ல, ஏரோப்ளேன்."

கடைத்தெரு, பள்ளிக்கூடம், பஸ் நிலையம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கும் கீழ்த்தெருவுக்கு வந்தார்கள். கிடங்குகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இருபது வீடுகள். காரை விட்டு இறங்கியவள் நிமிர்ந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். பலூன் தலைக்கு மேலே இருந்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்தால்தான் தெரிந்தது. அதன் கயிறு கூடத் தெளிவாகத் தெரிந்தது.

முதல் வீடு சலவைக் கடை. வாசலில் நின்று போர்வைகளை உதறிக்கொண்டிருந்த சலவைக்காரம்மா அவர்களைப் பார்த்தாள்.

"பலூன் உங்களுதாக்கா? எதுக்கு?"

அவள் சொன்னாள். சலவைக்காரம்மா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அங்கயா வருது? மூணு மாசமா கூட்டம் நடக்குதுன்னு காதுல விழுந்துச்சு. எங்களை யாரும் கூப்பிடல, சரி, மாடி வீட்டுக்காரங்க விஷயம்னு விட்டுட்டேன். சுத்தினா சத்தம் வருமாக்கா? எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், பகல்லதான் தூங்குவாரு, அவரைத் தூங்க விடுமா? அப்புறம் சாயங்காலம் வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வரும். இறக்கை நிழல் வீட்டுக்குள்ள ஆடிக்கிட்டே இருக்குமா?"

பிரேக் அக்காவுக்கு மூன்று கேள்விக்கும் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் நோட்டைப் புரட்டினார். பதினொரு காரணங்களில் கீழ்த்தெரு எங்கேயும் இல்லை.

"தெரியலம்மா," என்றாள். "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அப்போதுதான் காற்று வந்தது. சலவைக்காரம்மாவின் கொடியில் இருந்த துணியெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தது. மேலே பலூனும் படுத்தது, நிமிர்ந்தது, மறுபடி படுத்தது. பிறகு கயிற்றை அறுத்துக்கொண்டு நேராகப் பண்ணைப் பக்கம் பறந்தது.

அவள் காரை எடுத்த வேகத்தில் மருந்துக்கடைக்காரர் வாழ்நாளில் முதல் தடவையாகப் பேசாமல் வந்தார். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, காற்றுப் பாதி இறங்கிய பலூன் மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் புரண்டு புரண்டு கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டு மாடுகளும் வேலியை முட்டிக்கொண்டு சாலையில் ஓடின. இன்ஜினியர் காற்று அளக்கும் கருவியைக் கையில் பிடித்தபடி, மலர்ந்த முகத்தோடு ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் மடக்கு!" என்று கத்தினாள் தங்கை. "காளைக்கன்னு கீழே போகுது, விடாதே!"

பிரேக் அக்கா சாலைக்கு நடுவில் காரைக் குறுக்கே போட்டு இறங்கி, கையை விரித்து, "பிரேக்!" என்று கத்தினாள். மாடு எதுவும் நிற்கவில்லை. பின்னால் ஓடி வந்த மருந்துக்கடைக்காரர் நின்றார். அவர்மேல் பலூன்காரர் வந்து மோதினார்.

பதினெட்டையும் சேர்த்துக் கொட்டகைக்குள் அடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. சகோதரிகள் இருவரும் சேறும் வியர்வையுமாகத் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்தார்கள். பேச்சு எப்போதோ தொடங்கிவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"உன் வீட்டிலிருந்து எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் தங்கை.

"நகம் அளவு."

"அதுக்கா மூணு மாசம்?"

"சிரிக்காதே. கீழ்த்தெருவுல தலைக்கு மேல நிக்குது. நீ போய்ப் பாத்திருக்கியா?"

தங்கை முழங்கையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினாள். "அந்தப் பக்கம் நான் போனதில்லக்கா," என்றாள். மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

காற்றாலைக்கு அனுமதி தரலாமா என்று அரசு நடத்திய விசாரணை நாளில் பிரேக் அக்கா அதிகாரியின் முன்னால் பதினொரு காரணங்களையும் வைக்கவில்லை. சலவைக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவைத்து, அவளுடைய கேள்விகளை அவளையே கேட்கவிட்டாள். இன்ஜினியர் முதல் இரண்டுக்கும் கணக்குக் காட்டினாள். நிழல் என்று வந்ததும் கொஞ்சம் தயங்கி, "அஞ்சாவதுல இருந்து விழும், மேடம். வருஷத்துல சில வாரம், சாயங்காலத்துல," என்று உண்மையைச் சொன்னாள். தங்கை எழுந்தாள்.

"அஞ்சாவது என் இடத்துல வருது. அது இல்லாம மத்த நாலையும் வைக்க முடியும்னா, எனக்கு ஆட்சேபணை இல்ல."

ஐந்து நான்கானது. அதிலும் ஒன்று ஊரிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளிப்போனது. சத்தத்தை மாதாமாதம் அளந்து எதிர்ப்புக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சலவைக்காரம்மா குழுவின் செயலாளர் ஆனாள். மருந்துக்கடைக்காரர் கோபித்துக்கொண்டு விலகி, தனியாக ஒரு குழு தொடங்கினார். அதில் இன்றுவரை அவர் ஒருவரே இருக்கிறார். கருத்து வேறுபாடு வரவில்லை.

அடுத்த வருடம், முதல் இறக்கையை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி ஊருக்குள் வந்தது. தெரு நீளத்துக்கு இருந்தது அது. தபால் நிலைய முக்கில் திரும்ப முடியாமல், முன்னே போக முடியாமல், பின்னே வர முடியாமல் அரைமணி நேரமாகச் சிக்கி நின்றது. டிரைவர் வியர்த்துப்போயிருந்தார். ஊரே நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. ஒரு மாணவியோடு அந்த வழியாக வந்த பிரேக் அக்கா கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் இறங்கினாள்.

"எல்லாரும் வாயை மூடுங்க. டிரைவர் தம்பி, என்னை மட்டும் பாரு. முழுசா லெஃப்ட் ஒடி. ஒடி, ஒடி... போதும். இப்ப மெதுவா பின்னால. வா, வா. பயப்படாதே, சுவருக்கு இன்னும் ஒரு முழம் இருக்கு."

ஏழு தடவை முன்னும் பின்னும் எடுத்து, வெள்ளை இறக்கை தபால் பெட்டியைத் தொடாமல் முக்கைக் கடந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ரொம்ப நன்றிக்கா! நீங்க கம்பெனி ஆளா?"

"இல்லப்பா. எதிர்ப்புக் குழுத் தலைவி," என்றாள் அவள். "மேல போனதும் ரெண்டாவது வளைவுல பள்ளம் இருக்கு. பாத்துப் போ."