ஐந்தில் ஒரு கேள்வி

தெய்வசிகாமணிக்குத் தன் அறிவின் மேல் இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பட்டதாரி, கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். முத்தியால்பேட்டைத் தெருவில் குடையோடு நடந்தால் சைக்கிளில் வருகிறவர்கூட இறங்கி, "வணக்கம் முசே" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொல்வார். ஐம்பத்து நான்கில் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அவருடைய மேதாவித்தனம் மட்டும் அப்படியே இருந்தது.

ஐம்பத்தெட்டில் ஓர் உத்தரவு வந்து அதன் மண்டையில் தட்டியது. இனி பாடம் சென்னைப் பல்கலைக்கழகப் பாடம். பிரெஞ்சுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர்கள் சென்னை பி.ஏ. எழுதித் தேற வேண்டும். மார்ச்சில் ஒரு வாய்ப்பு, தவறினால் செப்டம்பரில் இன்னொன்று. அதிலும் தவறினால் வகுப்பு கிடையாது, ஏதாவது ஓர் ஆபீசில் குமாஸ்தா நாற்காலிதான். ஆக, நாற்பத்திரண்டு வயதில், தான் பாடம் சொன்ன பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து தானும் பரீட்சை எழுத வேண்டும்.

"எனக்கா பரீட்சை? நான் சொன்ன நோட்ஸைத்தானே எல்லாரும் எழுதப் போறானுங்க!" என்று மனைவி ரஞ்சிதத்திடம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வகுப்பில் மட்டும், "எட்டுக் கேள்வி இருக்கும், அஞ்சு எழுதணும், கடிகாரத்தைப் பாருங்க" என்று தினமும் கரடியாய்க் கத்தினார்.

மார்ச் வந்தது. மாணவன் கலியமூர்த்தி முன் பெஞ்சு, பேராசிரியர் பின் பெஞ்சு. முதல் கேள்வி இதுதான்: நேரமும் வளமும் குறைவு, தேவைகளோ ஏராளம், இருப்பதை எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதே பொருளாதாரம் என்பதை விளக்குக. படித்ததும் அவருக்கு மீசை துடித்தது. அவர் எழுதிப் பழகிய பிரெஞ்சுப் பரீட்சையில் ஒரே கேள்விதான், முழு நேரமும் அதற்கே. முன்னுரை, இரண்டு பாகம், பாகத்துக்கு இரண்டு பிரிவு. கை தானாக அந்தப் பழைய தடத்தில் ஓடியது. கூடுதல் தாள் கேட்டார், மறுபடியும் கேட்டார். 'நேரமே மனிதனின் ஆக அரிய வளம்' என்று முடிவுரையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது, தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"அஞ்சாவது கேள்விதான் கொஞ்சம் இழுத்துடுச்சு சார். உங்களுக்கு?" என்றான் கலியமூர்த்தி, வெளியே வந்து.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேரத்தைப் பங்கிடுவது எப்படி என்பதை மூன்று மணி நேரம் எழுதியிருக்கிறார். மீதி நான்கு கேள்விகளைத் தொடவே இல்லை. கோமாளித்தனத்துக்கு ஒரு பட்டம் இருந்தால் அன்றைக்கே முதல் வகுப்பில் தேறியிருப்பார்.

வீட்டில் ரஞ்சிதம் கேட்டதற்கு, "பிரமாதம்" என்றார். அந்தப் பொய் இரண்டு மாதம் தாங்கியது. முடிவு வந்த அன்று கலியமூர்த்தி லட்டுப் பொட்டலத்தோடு வந்து காலில் விழுந்தான்.

"உங்க நோட்ஸாலதான் சார் பாஸ் பண்ணேன். பேப்பர்ல உங்க நம்பரைத்தான் காணோம். அச்சுல வுட்டுட்டானுங்க போல."

அவன் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ரஞ்சிதம் கத்தவில்லை.

"ஏங்க, எங்கிட்ட இருக்கிறது ஒத்த அடுப்பு. காலையில உங்களுக்குக் காலேஜ். குழம்பு நல்லா வந்துருக்குன்னு அதையே கிளறிக்கினு இருந்தா சோறு யாரு வடிக்கிறது? கொதி வந்தா எறக்கிட்டு அடுத்ததை ஏத்தணும். உப்பு கம்மின்னாலும் சாப்புட்டுத்தான போறீங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "தோத்தது பரவால்ல. எங்கிட்டயே மறைச்சுட்டீங்களே" என்றாள்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குமாஸ்தா நாற்காலியைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் சுட்டது.

மறுநாளிலிருந்து பேராசிரியருக்குச் சமையலறையில் வகுப்பு. அலாரம் கடிகாரத்தைப் பார்த்து, முப்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ரஞ்சிதம் கரண்டியால் மூடியைத் தட்டுவாள், தாளை உருவிக்கொள்வாள். "இந்த ஒரு வரி மட்டும்" என்று கெஞ்சுவார். "எறக்குங்க" என்பாள். முடிக்காத வாக்கியங்கள் அடுப்பங்கரையில் குவிந்தன.

செப்டம்பரில் நான்காவது விடை எழுதும்போது ஓர் அருமையான வாக்கியம் வந்து வாய்த்தது. பாதியில் கடிகாரத்தைப் பார்த்தார். கரண்டிச் சத்தம் இல்லை. "எறக்கு" என்று தனக்குத்தானே முணுமுணுத்து, அதை அந்தரத்தில் விட்டுவிட்டு ஐந்தாவதற்குப் போனார். மூன்றாம் வகுப்பில் தேறினார்.

அடுத்த ஆண்டு அதே பாடம் வந்தது. நோட்ஸ் சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் தொண்டையைச் செருமினார். "இது பற்றி ரஞ்சிதம் அம்மையார் கருத்து: கொதி வந்ததை இறக்கு, அடுத்ததை ஏற்று." நாற்பது பேனாக்களும் பவ்வியமாக எழுதிக்கொண்டன. அந்த அம்மையார் யாரென்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் அவளிடம் சொன்னார்.

"ஐயய்யே, என் பேரையா? பரீட்சையில அதை எழுதினா மார்க் போடுவாங்களா?"

"எனக்குப் போட்டாங்களே" என்றார் தெய்வசிகாமணி.