ஓட்டுகிறவளுக்கு ஏற்ற பிளக்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. உதிரிபாகக் கடையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. பழைய கார் ஒன்றுக்கு ஸ்பார்க் பிளக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கேட்டார்:

"வண்டிய யாரும்மா ஓட்டுறது?"

சாதாரணக் கேள்வி. அவளோ பதில் சொல்லாமல் மேஜைக் கண்ணாடிமேல் விரலால் ஏதோ கோடு இழுத்தாள். வெளியே தூறல். பின்னால் நின்ற எங்களுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பிறகு, யாரோ தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டதுபோல, "நான்தான்," என்றாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மனுஷி ஏன் அத்தனை தூரம் போய்த் திரும்ப வேண்டும்? மீதியை நானே இட்டுக்கட்

(அடித்துவிட்டேன். மீதியை நானே கனவு கண்டேன். அதுதான் சரி.)

2

முதல் தொடக்கம்: "அந்தக் காரில் ஒரு பேய் இருந்தது. அவளைக் கண்டால் அதற்கு"

வேண்டாம். பேயை ஏற்றிவிட்டால் கதை அதன் பாட்டுக்கு ஓடும், எனக்கு வேலையிருக்காது.

இரண்டாம் தொடக்கம்: மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள், ஐம்பதை நெருங்கும்போது கல்யாணம் செய்துகொண்டாள். அவர் நீச்சல் பயிற்சியாளர். குளத்தங்கரையில் கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். முதல் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராய் நெடுஞ்சாலையில் பறந்தவள். அவளுடைய வெளிர்நீலக் கார் இன்னும் வாசலில் நின்றது.

"சாவிய நீயே வெச்சுக்கோ," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

இது நிற்கட்டும்.

3

அவள் ஓட்டினால் மட்டும் வண்டி நின்றுவிடும். வீட்டிலிருந்து கடைக்கு நாலு தெரு. சிக்னலில் நின்றால் என்ஜின் உடம்பைக் குலுக்கும், இருமும், அடங்கிவிடும். விடுமுறையில் அவர் நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போனால் மட்டும் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போகும்.

"எனக்கு ஓடுதே. உனக்குத்தான் இன்னும் கை பழகல."

"எனக்குக் கை பழகலையா, வண்டிக்கு ஆள் பழகலையா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

(முந்தைய பிரதியில் இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தண்ணீருக்குப் பயப்படுகிறவர்களின் பிடரியில் உள்ளங்கையை வைத்து, அவர்களாக மிதக்கும்வரை எடுக்காமல் நிற்கிறவர் அவர். அந்தக் கையை என்னால் கெட்டதாக்க முடியவில்லை.)

ஒருநாள் காலை, பனிமூட்டம். வழக்கமான சிக்னலில் வண்டி அணைந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின. அவளுக்கு அவை ஏதோ நீருக்கடியிலிருந்து கேட்டன. முன்கண்ணாடியில் சிவப்பு கரைந்து பச்சையாகி மறுபடி சிவப்பானது. வண்டி செத்துப்போகவில்லை, தூங்குகிறது என்று தோன்றியது. நீண்ட சாலைகளை, வேறொரு காலின் அழுத்தத்தை அது கனவு காண்கிறது. இன்னொருத்தியின் தூக்கத்துக்குள் தவறி வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றுதான் ஒரு பிளக்கைக் கழற்றி, கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள்.

4

துணியைப் பிரித்தால் பிளக்கின் முனையில் வெல்வெட் மாதிரி கரி.

"பெட்ரோல் கூடுதலா போகுதோ?" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் மெக்கானிக் பாத்தாச்சு. சரியா இருக்காம்."

"அப்ப பிளக்குதான் ஒத்துக்கல. இது வேகமா, நெடுந்தூரம் போற வண்டிக்குப் போடுறது. சூட்டச் சட்டுனு வெளிய விட்டுரும். நீங்க ஊருக்குள்ள உருட்டுனா, கரி எரியற அளவுக்கு அதுக்குச் சூடே ஏறாது. சூட்டப் பிடிச்சு வெச்சுக்குற ரகம் ஒண்ணு இருக்கு. மரை நீளம் மட்டும் இதேதான் இருக்கணும். நீண்டுச்சுன்னா பிஸ்டன் வந்து முட்டிரும்."

"அத வேகமா ஓட்டுனா?"

"அளவுக்கு மீறிக் கொதிச்சு என்ஜினையே தின்னுரும்." அதன் பிறகுதான் கேட்டார், வண்டியை யார் ஓட்டுவது என்று.

இப்போது அந்த மௌனம் உங்களுக்கும் புரிந்திருக்கும். "அவர்" என்றால் எதுவும் மாறாது. நாளைக்கும் சிக்னலில் நிற்பாள். "நான்" என்றால், இறந்துபோனவளின் வேகம் அந்த வண்டியிலிருந்து போய்விடும். அவர் விடுமுறையில் தேடிப் போவது அந்த வேகத்தைத்தான். ஒரு சொல்லில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்டாள்.*

* என் வண்டிக்கு என்ன பிளக் வாங்கினேன் என்று கேட்காதீர்கள். அவள் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றதில் வாங்க மறந்துவிட்டேன்.

5

ஞாயிறு காலை பானெட்டைத் திறந்து மூன்றைக் கழற்றிவிட்டாள். நாலாவது அசையவில்லை. அவர் வந்தார். டாஷ்போர்டு அறையைத் திறந்து சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகளை எடுத்தார்.

"இது இருக்கறப்ப எதுக்குப் புதுசு? அவ எப்பவும் இததான் போடுவா."

"அவங்க ஓட்டுன ஓட்டத்துக்கு அது சரிங்க. நான் ஓட்டுறதுக்கு அதுல கரி பிடிக்குது."

"உன்னோடதப் போட்டா நான் எப்படி ஓட்டுறது?"

"மெதுவாத்தான் ஓட்டணும்."

அவர் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது உன் வண்டி ஆயிரும்."

"ஆமாங்க. ஆகட்டும்னுதான் கேக்குறேன்."

(அ) அவர் கோபித்துக்கொண்டு உள்ளே போனார் என்று எழுதினேன். கால் நகரமாட்டேன் என்றது.

(ஆ) பெட்டிகளைக் குப்பையில் வீசிவிட்டு அவளை அணைத்துக்கொள்

சே. அவற்றை யாராவது வீசுவார்களா?

நடந்தது இதுதான். பெட்டிகளைச் சட்டைப்பைக்குள் ஒவ்வொன்றாகத் திணித்தார். பை புடைத்துக்கொண்டது. கையை நீட்டி, "ஸ்பானரக் குடு," என்றார். நாலாவது பிளக் முனகிக்கொண்டு கழன்றது. அதன் கரியை நெடுநேரம் பார்த்தார்.

"பாவம், மூச்சு முட்டியிருக்கு," என்றார்.

பிளக்கைச் சொன்னாரா, வண்டியையா, பக்கத்தில் நிற்கிறவளையா? நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. புதியதை எடுத்து, மரை பிடிக்கும்வரை விரலாலேயே மெல்லச் சுற்றினாள்.

6

என்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை. அவர் வண்டியைச் சுற்றிவந்து இடது பக்கமா வலது பக்கமா என்று ஒரு கணம் குழம்பி, அவள் பக்கத்து இருக்கையில் ஏறினார். அங்கே அவர் உட்கார்ந்ததே இல்லை. இருக்கை பின்னால் நகரவில்லை. முழங்கால்கள் டாஷ்போர்டில் இடித்தன.

"எங்க போறோம்?" என்றார், கம்மிய குரலில்.

கடலுக்கு என்று எழுதி அடித்தேன். கல்லறைக்கு என்று எழுதி அடித்தேன். சும்மா அந்தச் சிக்னல்வரை என்றும் எழுதிப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அதையும் அடித்தேன்.

நீங்கள் எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். வெயிலோ மழையோ உங்கள் இஷ்டம். வழியில் இருவரையும் பேசவையுங்கள், இல்லை பேசாமலே விடுங்கள். அவளை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.

வண்டியை ஓட்டுவது அவள்.