வலைக்குள் காணாமல் போன பந்து

இதில் ஒரு சொல் பொய்யென்றால், சொல்பவன் மூலிகைத் தேநீர் குடிக்கும் மாத்தேக் குடுவை இன்றே விரிசல் விட்டு, வெந்நீர் முழுதும் அவன் மடியில் கொட்டட்டும். நடந்தது நடந்தபடி.

மெம்ப்ரிஷோ ஊரில் கால்பந்து இறுதியாட்டம், சிவப்புச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும். சிவப்பு ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்தது. அந்தக் கோலை யாரோ செல்போனில் பிடித்த படம், ஊர் வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்துக்காக அச்சகக்காரன் டார்டோவிடம் வந்து சேர்ந்தது. அவன் மிஷினுக்குத் தெரிந்தது ஒரே மை, கறுப்பு. அவனுக்கு இருந்த கவலையும் ஒன்றுதான்: கடையின் முகப்புக் கண்ணாடி. போன வருஷப் படத்தில் பச்சை அணித் தலைவரின் காது ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போனதற்குக் கல்லெறிந்து பழைய கண்ணாடியைத் தீர்த்துவிட்டார்கள். காசு சேர்த்துப் புதுசு மாட்டிப் பதினொரு நாள்தான் ஆகிறது.

டார்டோ கம்ப்யூட்டரில் கலரை எடுத்தான். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். அத்தனை பேரும் ஒரே அணிபோல நின்றார்கள்.

சிவப்பு அணித் தலைவர், கசாப்புக்கடை வல்டெமார், மாத்தேவுக்கான வெந்நீர்ப் பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கியபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது, எங்க பசங்க யாரு, அவனுங்க யாருன்னே தெரியல? எங்க சிவப்பை நல்லா கறுப்பாக்கு."

"மூஞ்சியிலயும் சிவப்பு இருக்குண்ணே. அதுவும் சேர்ந்து இருட்டிப் போயிடும்."

"ஆக்குய்யா!"

ஆக்கினான். சட்டை பிரிந்து தெரிந்தது. முகத்தில் கண்ணையும் மூக்கையும் காணவில்லை. கோல் போட்டவனின் அம்மா வந்து பார்த்து, "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்று சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

"அப்ப வெளுத்துடு" என்றார் வல்டெமார்.

டார்டோ பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பை வெளுத்தான். முகமெல்லாம் மாவு கொட்டியதுபோல ஆனது. அதைவிட மோசம், ஆரஞ்சு நிறப் பந்தும் வெளுத்து, வெள்ளை வலையோடு கரைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா பச்சை அணித் தலைவர், மருந்துக்கடை இரால்டோ, உள்ளே வரவேண்டும்!

"பந்து எங்கே?"

"வலையிலதான் சார் இருக்கு. தெரியல, அவ்வளவுதான்."

"தெரியலேன்னா இல்ல. பந்து இல்லேன்னா கோல் இல்ல. கோப்பையைத் திருப்பித் தரச் சொல்லு."

"யோவ் மாத்திரை, முதல்ல உன் கண்ணுக்கு மருந்து போடு!" என்றார் வல்டெமார்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் தராசைப் பாரு!"

செய்தி தெருவுக்குப் போனது. சந்தேகம் தீர்க்க இரண்டு பக்கத்திலிருந்தும் ஆறு பேர் மைதானத்துக்கு ஓடினார்கள். வலையில் பந்து இல்லை. கிளப் அலமாரியைத் திறந்தார்கள், அங்கேயும் இல்லை. திரும்பி வரும்போது கையில் கல் இருந்தது.

"நாசமாப் போங்க எல்லாரும்!" என்றான் டார்டோ.

கறுத்த படத்தில் நூறு, வெளுத்த படத்தில் நூறு அடித்தான். கோந்து டப்பாவோடு வெளியே போய்க் கண்ணாடி முழுக்க மாற்றி மாற்றி ஒட்டினான்.

"இப்ப எறிங்கடா! எங்க எறிஞ்சாலும் உங்க ஆளு மூஞ்சியிலதான் விழும்."

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. ஒவ்வொருவனும் தன் ஆள் இல்லாத இடமாகத் தேடினான். ஒரு விரல்கடை இடம்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு மாத்தே குடிக்கக் கிளம்பினார்கள். அந்தக் கண்ணாடி இன்றும் முழுசாக இருக்கிறது.

இப்போது டார்டோவின் கடையில் இருப்பது கலர் மிஷின்.