கேலனுக்குப் பதினொரு மைல்

…நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது புது வண்டிகளுக்குப் பொருந்தாது, அவற்றில் கியரிலேயே இருந்துகொண்டு மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தானே நிறுத்திவிடும், ஆனால் என் பிக்கப்புக்கு என்னைவிட வயது அதிகம், கார்புரேட்டர் வண்டி, இதற்கு நியூட்ரல்தான், மேட்டின் உச்சி வரை மிதித்து, உச்சியில் விட்டுவிட்டு, அப்புறம் இந்த நீண்ட சரிவு முழுக்கச் சும்மா… எஞ்சின் முனகல் அடங்கியதும் டயர் சத்தம் மட்டும், பிறகு அதுவும் காதுக்குப் பழகிப்போய் வெறும் காற்று, இரண்டு பக்கமும் போன வருடத்துப் புல் மூடிய மணல் குன்றுகள், ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று, படுத்திருக்கும் மாடுகளின் முதுகு மாதிரி, இல்லை, எனக்கு இப்போது எல்லாமே மாட்டு முதுகு மாதிரிதான் தெரிகிறது, ஐந்து வாரமாக எமில் வாவ்ராவின் பண்ணையில் ராத்திரி முழுக்கச் சினை மாடுகளுக்குக் காவல், எது கன்று போடுகிறது, எது போட முடியாமல் முக்குகிறது என்று பார்த்துக்கொண்டே விடிகிறது, பகலில் தூங்க வேண்டும், தூங்கினால் கனவிலும் கன்றின் முன்னங்கால்கள்தான் முதலில் வருகின்றன. இன்று மூன்று மணி நேரம் தூங்கினேன். சட்டை மாற்றினேன். இரண்டு மணிக்கு லானியின் பரோல் விசாரணை, தலைநகரில் இருக்கும் குழு திரையில் கேட்கும், ஜெயிலிலிருந்து அவன் திரையில் வருவான், அவனுக்கு வீடும் வேலையும் கொடுக்கிறேன் என்று நான் திரையில் சொல்ல வேண்டும், சொன்னால் என் அண்ணன் வெளியே வருவான், சொல்லாவிட்டால் இன்னும் ஒன்றரை வருடம். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஐம்பத்திரண்டு மைல்.

டவுன் நூலகத்தின் பின்பக்கம், செங்கல் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் இன்டர்நெட் நன்றாகக் கிடைக்கும், எங்கள் பள்ளத்தாக்கில் இருக்கும் ஆறு வீட்டுக்காரர்களும் வங்கி, மருத்துவர், மாட்டுச் சந்தை விலை எல்லாவற்றுக்கும் அங்கேதான் போய் நிற்கிறோம், யாரும் யாருடைய வண்டிக் கண்ணாடியையும் எட்டிப் பார்ப்பதில்லை, சுவரை ஒட்டிய முதல் இடத்தைப் படிக்கிற பிள்ளைகளோடு வருபவர்களுக்கு விட்டுவிடுவோம், யாராவது சினிமா இறக்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஒரே நேரத்தில் ஐந்து தலை நிமிரும். எங்கள் வீடுகளுக்கும் லைன் இருந்தது. கம்பத்தில் செம்புக் கம்பி, மெதுவானதுதான், மழை பெய்தால் இரையும், ஆனாலும் லைன். அதைப் பதினொரு மைல் நீளத்துக்கு வெட்டி எடுத்துப் பழைய உலோகக் கடையில் எடைக்குப் போட்டவன் லானி. ஆறு வீட்டுக்காக மறுபடி கம்பி இழுக்க முடியாது என்று போன் கம்பெனி சொல்லிவிட்டது, வெட்டின மிச்சம் இன்றும் கம்பங்களில் தொங்குகிறது, இப்போதும் வலது பக்கம் அதுதான் கடந்து போய்க்கொண்டிருக்கிறது, கம்பம், கம்பம், கம்பம், நடுவில் ஒன்றுமில்லை… அவனை வெளியே கொண்டுவர நான் ஐம்பத்திரண்டு மைல் போக வேண்டியிருப்பது அவன் கம்பியைத் திருடியதால்தான் என்று சொன்னால் அவனே சிரிப்பான். அவனுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது, அதுதான் பிடித்ததும்.

எமில் வீட்டுக் கூரையில் டிஷ் இருக்கிறது, இன்டர்நெட் வானத்திலிருந்து நேராக இறங்குகிறது, அவரும் அவர் மனைவி இர்மாவும் பேரப்பிள்ளைகளோடு படம் தெரியப் பேசுகிறார்கள், கேட்டிருந்தால் இரண்டு நிமிடம் நடந்து போய் முடித்திருக்கலாம், கேட்டேனே, போன வாரம் கேட்டேன். "என் டிஷ்ஷுல நீ எத வேணா பாருடா ராய்ஸ், கண்றாவிப் படம்கூடப் பாரு. இத மட்டும் என் வீட்டுக்குள்ள வெச்சுப் பேசாத. இர்மா காதுல விழும்." அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நான் குடியிருக்கும் வீடு அவருடையது, வேலி வேலை இருக்கிறது என்று சொல்ல வேண்டியவரும் அவர், அதனால் குழுவுக்கான கடிதத்தையும் நீட்டினேன், சாப்பாட்டு மேசையில், இர்மா எதிரே உட்கார்ந்து இடது கையால் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார், வலது கை மேசைக்கு அடியில் மடியில் கிடந்தது. எமில் பேனாவை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லையா என்று கேட்டேன். "படிச்சா போடமாட்டேன்," என்றார். இர்மா கலக்குவதை நிறுத்தவே இல்லை, சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும், கரண்டி கோப்பையில் இடித்துக்கொண்டே இருந்தது… அந்தச் சத்தம் இந்தச் சரிவில்கூடக் கேட்கிறது, இல்லை, அது பின்னால் உருளும் வேலிக் கொக்கி.

கம்பி வெட்டுப்பட்ட வாரத்தில்தான் இர்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. எமில் போனை எடுத்தார், சத்தமில்லை. வண்டியில் பின்சீட்டில் படுக்கவைத்து அவரே ஓட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தாராம், முடிக்கவில்லையாம்.

மைல் கணக்கு பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம், வியாதி என்பான் லானி, டேங்க்கை நிரப்பி, ஓடின தூரத்தை ஊற்றின பெட்ரோலால் வகுத்து, தாளில் எழுதுவதில்லை, தலையிலேயே நிற்கும், பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவனுக்கு வகுக்கவாவது ஏதாவது வேண்டாமா. இந்த பிக்கப் கேலனுக்குப் பதினைந்து மைல் கொடுக்கும். வெயில், குளிர், எதிர்க்காற்று, எத்தனால் கலந்த பெட்ரோல், எதுவானாலும் பதினான்குக்குக் கீழே போகாது. கம்பி போன அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் பதினொன்றுக்கு விழுந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பதினொன்று. பில்டரை மாற்றினேன், டயருக்குக் காற்றடித்தேன், பதினொன்று. அப்புறம் லானி ராத்திரியில் வண்டியை எடுக்காத ஒரு வாரம் வந்தது, அவனுக்குக் காய்ச்சல், அந்த வாரம் பதினைந்து. தெரிந்துபோயிற்று. என்ன என்று தெரியவில்லை, ஆனால் கனமாக ஏதோ, தூரமாக எங்கோ, மறுபடி மறுபடி… நான் அவனிடம் என்ன சொன்னேன்? எடுத்தால் டேங்க்கை நிரப்பி வை என்று சொன்னேன். நிரப்பி வைத்தான், அதில் அவன் ஒழுங்கு. நீதிமன்றத்தில் என்னிடம் பல கேள்விகள் கேட்டார்கள், வண்டி எத்தனை மைல் கொடுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? கேட்கவில்லை. அதற்குப் பிறகு இந்த வண்டியில் ஒரு சொட்டைக்கூட வீணாக்குவதில்லை, நாற்பத்தைந்துக்கு மேல் போவதில்லை, சரிவெல்லாம் நியூட்ரல், எல்லோரும் என்னைக் கஞ்சன் என்கிறார்கள், சொல்லட்டும்…

மேவிஸின் கடை பள்ளத்தில் இருக்கிறது, பாதி வழி, இரண்டு பம்பு, நாலு நாற்காலி. போன் பன்னிரண்டே கால் காட்டியது, அவசரம் இல்லை, ஒரு கிண்ணம் சில்லிக் குழம்பும் பட்டை மணக்கும் சின்னமன் ரோலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன், வெயில் கண்ணாடி வழியாக மேசையில் விழுந்திருந்தது, சூடு, கண் சொக்கியது, பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பெரியவர்கள் வழக்கமான வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள், சோளத்தில் காய்ச்சும் எத்தனாலைக் கலந்தால் மைலேஜ் குறைகிறது, சோளக்காரர்கள் பிழைக்க மாட்டுக்காரர்கள் நாம் ஏன் அடிக்கடி டேங்க் நிரப்ப வேண்டும் என்று ஒருவர், உன் மருமகனே சோளக்காரன்தானே, அவனிடம் போய்ச் சொல்லு பார்ப்போம் என்று மற்றவர், பிறகு பேச்சு பேட்டரி வண்டிக்குப் போனது, குளிரில் பாதி வழியில் நின்றால் மாட்டைக் கட்டி இழுப்பதா என்றார் முதலாமவர், பிறகு டிஷ்ஷுக்கு, பிறகு மேற்கே புதிதாக நட்டிருக்கும் செல்போன் கோபுரத்துக்கு, நாலு வருடத்துக்குப் பிறகு அரசாங்கத்துக்கு நம் ஞாபகம் வந்ததே என்றார்கள், நான் கேட்டேனா கனவு கண்டேனா தெரியவில்லை, கண்ணை மூடித்தான் இருந்தேன் போல. மேவிஸ் மேசையைத் துடைக்க வந்தாள்.

"ரெண்டு மணிக்கு விசாரணைன்னு ஊருக்கே தெரியும். இங்க என்ன தூங்கிட்டிருக்க?"

இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது என்றேன்.

"எந்த ஊர்ல?"

போனைக் காட்டினேன். பன்னிரண்டு நாற்பத்தைந்து. அவள் துணியை மேசையிலேயே போட்டுவிட்டாள்.

இது எங்களைத் தவிர யாருக்கும் நடக்காது. எங்கள் மாவட்டத்தின் நடுவில் நேரக்கோடு போகிறது, மேற்கைவிடக் கிழக்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், எந்தக் கோபுரம் எட்டுகிறதோ அதன் நேரத்தைப் போன் காட்டும், எங்களுக்கு எட்டியது எப்போதும் கிழக்குக் கோபுரம்தான், வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறினால் சிக்னல் ஒரு கோடு வரும், அதனால் கிழக்கு நேரத்தில்தான் வாழ்கிறோம், தலைநகரமும் அதே நேரம். நேற்று மாலை மேற்கே புதுக் கோபுரத்தை ஓடவிட்டுவிட்டார்களாம், போன்களெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டனவாம். "பள்ளிக்கூட பஸ் ஓட்டுற ஹாரிஸே காலைல ஒரு மணி நேரம் லேட்டு. பசங்க அந்தக் கோபுரத்தக் கும்பிடாத குறை." சிரிக்காமல் சொன்னாள். அப்படியானால் இப்போது ஒன்று நாற்பத்தைந்து. டவுனுக்கு இருபத்தெட்டு மைல். இந்த வண்டி அறுபதைத் தாண்டாது. நான் வகுத்துப் பார்த்தேன், எனக்கு வகுக்க வரும், விடை மாறவில்லை.

கடையின் இன்டர்நெட்டைக் கேட்டேன், கார்டு மெஷினுக்கே அது மூச்சு வாங்குகிறது என்றாள், பிறகு வாசல் வரை வந்து சாலையைக் காட்டினாள், மூன்று மைலில் ஒரு பெரிய மேடு, அதன் உச்சியில் புதுக் கோபுரம் கண்ணுக்கே தெரியும், அங்கே போனில் நாலு கோடு வருவதாக ஹாரிஸ் சொன்னானாம். நான் கதவைத் திறக்கும்போது ஜன்னலில் கையை வைத்தாள்.

"எனக்கு அவன்மேல பாசம் ஒண்ணும் கிடையாது. மூணு வாரம் கடை போன் செத்துக் கெடந்துச்சு. ஆனா லேட்டாப் போய் அவனக் கெடுக்காத. கெடுக்கணும்னா நேரத்துக்குப் போய்க் கெடு."

ஏன் அப்படிச் சொன்னாள்? என் முகத்தில் ஏதாவது இருந்ததா? மிதித்தேன், அறுபது, வண்டி முழுக்க நடுங்கியது, பெட்ரோல் முள் கண்முன்னே இறங்குகிற மாதிரி தோன்றியது, எவ்வளவு குடிக்கிறாயோ குடி என்று விட்டேன், மேட்டில் ஏறி ஓரத்தில் நிறுத்தியபோது சரியான நேரம் ஒன்று ஐம்பத்தெட்டு. வெகு தூரத்தில், கடைசிக் குன்றுக்கு அப்பால், ஊசி மாதிரி கோபுரம், பகலிலும் மினுக்கும் வெள்ளை விளக்கு. நாலு கோடு இல்லை. இரண்டு.

போன் திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் குழுத் தலைவி, நரைத்த தலை, பின்னால் கொடி. ஒன்றில் நான், முகச்சவரம் செய்யாமல். ஒன்றில் லானி, மெலிந்திருந்தான், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், காதுகள் பெரிதாகத் தெரிந்தன, படம் அசையவில்லை, கண் பாதி மூடிய நிலையில் உறைந்துபோயிருந்தது. தலைவி எமிலின் கடிதத்தைப் படித்தார், ஒவ்வொரு வரியாக, நான் எழுதியதுதான், இன்னொருவர் வாயால் முழுதாகக் கேட்டது அப்போதுதான். பிறகு, "மிஸ்டர் பெர்கர், உங்க அண்ணன் வெளிய வந்தா உங்க கூட வெச்சுக்க உங்களுக்குச் சம்மதமா?" என்றார். ஆமாம், தனி அறை இருக்கிறது, வேலி வேலை இருக்கிறது, குளிர்காலத்திலும் மாட்டுக்குத் தீனி போடும் வேலை இருக்கிறது என்றேன், கடகடவென்று, சரிவுகளில் வரும்போது சொல்லிப் பார்த்த அதே வார்த்தைகள், ஒன்றுகூடத் தவறவில்லை.

"எனக்குக் கேட்கல. நீங்க வாயசைக்கிறது மட்டும் தெரியுது. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொல்ல வேண்டியதுதானே. அதே வார்த்தைகள். இப்போது லைன் சுத்தமாக இருந்தது, அவர் காகிதத்தைப் புரட்டும் ஓசைகூட எனக்குக் கேட்டது, கீழே, மேட்டின் அடிவாரத்தில், மாடு ஏற்றிய லாரி ஒன்று கியரைக் குறைத்து ஏறத் தொடங்கியது, இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை, யாருக்கும் கேட்கவில்லை என்றால் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம், உடம்பு லேசாக இருந்தது, விடிகாலையில் எல்லா மாடும் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு லேசு, எமில் எதிரே வரும்போது வணக்கமாக ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நானும் தூக்குவேன், இனி லானி பக்கத்து சீட்டில் இருந்தால் அந்த விரல் எழுமா, இர்மா ஜன்னலில் நின்று பார்ப்பாரா, வீட்டில் அவன் சிரிப்பு, அவன் பூட்ஸ், அவன் என்னைப் பார்க்கும் பார்வை, டேங்க்கை நிரப்பி வைத்தேனே, நீ ஒன்றுமே கேட்கவில்லையே என்கிற பார்வை, ஒருநாளும் அவன் அதைச் சொன்னதில்லை, நீதிமன்றத்தில்கூட… லாரி உச்சிக்கு வந்து என்னைக் கடந்துபோனது, பிக்கப் ஆடியது, சாண வாடை உள்ளே வந்தது.

"ஆமா," என்றேன். அறையையும் வேலையையும் சொல்லவில்லை.

"இப்போ நல்லாக் கேட்டுச்சு. நன்றி." முடிவைக் கடிதத்தில் அனுப்புவார்களாம், இரண்டு வாரத்துக்குள். குரலை வைத்துப் பார்த்தால் விட்டுவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. மூடுவதற்கு முன்னால் லானியின் கட்டம் ஒருமுறை அசைந்தது, அவன் கேமராவைப் பார்க்கவில்லை, கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தான், அவன் திரையில் நான் இருக்கும் இடமாக இருக்க வேண்டும், கையைத் தூக்கினான், அல்லது தூக்கத் தொடங்கினான், கட்டங்கள் மூன்றும் போய்விட்டன. கேட்கவில்லை என்று சொன்னது தலைவி. அவருக்குத்தான் கேட்கவில்லை. ஜெயிலுக்குப் போகும் லைன் வேறு, கட்டடம் வேறு, ஊர் வேறு… முதல் தடவை சொன்னது அவனுக்குக் கேட்டிருந்தால், அப்புறம் நான் பேசாமல் இருந்ததையும் அவன் முழுக்கப் பார்த்திருப்பான். எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு மாட்டு லாரி, முழுச் சுமையோடு, இந்த மேட்டை அடியிலிருந்து ஏறி முடிக்கிற நேரம்.