சுப்பராயலுவின் படத்திறப்பு

வாலாஜாபாத் ஸ்டுடியோவிலிருந்து வந்த படத்தை அலமு சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"இது யாருடி?"

பூர்ணிமா வந்து பார்த்தாள். படத்தில் இருந்தவர் கோட்டு போட்டு டை கட்டியிருந்தார். இறந்துபோனவர்களுக்கென்று ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும் உடம்பு அது. கழுத்துக்கு மேல் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். இந்த முறை முகத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. வெயிலில் வெந்த நிறத்தை நன்றாக வெளுத்து, கன்னத்துக் குழியைத் தூர்த்திருந்தான். பலகை தெறித்துப் பிளந்த இடது புருவத்தையும் ஒட்டவைத்திருந்தான். போன் கம்பெனியில் நாள் முழுக்கக் கீறல் தேடி ஒதுக்குவதுதான் பூர்ணிமாவின் வேலை. இந்த முகத்தில் ஒதுக்க ஒன்றுமே இல்லை.

"அப்பாதாம்மா" என்றான் மோகன்ராஜ். "எல்லாரும் இப்டித்தான் போடறாங்க. நல்லாத்தான கீது."

"நல்லா கீது" என்றாள் அலமு. "அந்த ஆளு நல்லாத்தான் கீறாரு."

சுப்பராயலு கல்யாணத்துக்குக்கூடக் கோட்டு போட்டவர் அல்ல. நிலம் கம்பெனிக்குப் போன பிறகு, ஒரகடத்தில் ஒரு யார்டில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளை அடுக்கிவைக்க வேண்டும். வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் அலமு, "ஆணி புடுங்கறாரு" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். உண்மையிலேயே அதுதான் வேலை என்று எத்தனை பேர் நம்பினார்களோ தெரியாது.

அந்த வீட்டில் அலமாரி, சாமி மாடம், கோழிக்கூண்டு எல்லாம் அந்தப் பலகைதான். கேட்டில் சொல்லிவிட்டு ஒன்றிரண்டாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். பூர்ணிமா படித்த மேசையில், உடையும் நனையும் என்று எச்சரிக்கப் பெட்டியில் போடும் கண்ணாடிக் கோப்பையும் குடையும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். இழைத்தால் போய்விடும்தான். "இருக்கட்டும், கப்பல்ல வந்த மேசைன்னு தெரியட்டும்" என்று அப்படியே விட்டுவிட்டார். பரீட்சை சமயத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், பிள்ளை படிக்கிறாளே என்று வாசலில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். அவர் குரலை உயர்த்தி ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

அவர் போன நாளன்றும் நைட் ஷிஃப்ட் முடித்துத்தான் வந்தார். விடிகாலையில் ஸ்டாப்பில் தன் பஸ்ஸுக்காக நின்றிருந்த பூர்ணிமா, அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். "இன்னா, சாப்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள். அவள் கம்பெனி லைனில் வேலையாக நிற்கும்போது செய்தி வந்தது. யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

துக்கத்துக்கு வந்த கான்ட்ராக்டர் உதயசூரியன் ரோஜா மாலை போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது மோகன்ராஜைத் தனியே கூப்பிட்டு, "காரியம் முடிஞ்சதும் யார்டுக்கு வந்துடு. ஒங்கப்பா எடம் ஒனக்குத்தான்" என்றார். மறுநாளே வேறு ஒரு பேச்சு ஊரில் உலவத் தொடங்கியது. சுப்பராயலு இரண்டு மாதம் முன்னாலேயே வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்றது அந்தப் பேச்சு. அதைக் கிளப்பியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். வேலை பார்த்துவிட்டு வந்து செத்தவர் என்றால் கேள்வி வரும். வீட்டில் சும்மா இருந்தவர் செத்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

இழப்பீடு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. பூர்ணிமா அதைக் கேட்கவும் இல்லை. சாகிற அன்று காலைவரை உழைத்தவரைச் சும்மா இருந்தவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவளுக்கு அது போதும்.

காரியத்தன்று படத்தைத் திறந்துவைக்க உதயசூரியனைத்தான் மோகன்ராஜ் கூப்பிட்டிருந்தான்.

"அந்த ஆளா? ஏன், கலைமணி அண்ணன் தெறந்தா ஆவாதா? ஒண்ணா வேலை செஞ்சவரு."

"அக்கா, கலைமணி எனக்கு வேலை போட்டுத் தருவானா?"

அவன் டிப்ளமோ முடித்து நான்கு கம்பெனியில் அப்ரென்டிஸாக இருந்தவன். எங்கேயும் நிரந்தரம் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஷாமியானா போட்டு நாற்காலி பரப்பியிருந்தார்கள். பங்காளிகளும் யார்டு ஆட்களும் வந்திருந்தார்கள். கலைமணி காலை இழுத்து இழுத்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அப்பாவின் கடைசி நைட் ஷிஃப்ட்டில் அவரோடு இருந்தவன் அவன்தான். பூர்ணிமா தண்ணீர் பாட்டிலோடு அவனிடம் போனாள்.

"அண்ணே, அவரு அப்பா நின்னுட்டாருன்னு சொன்னார்னா, நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

கலைமணி பாட்டிலை வாங்கிக்கொண்டான். "பாக்கலாம் பாப்பா" என்றான்.

உதயசூரியன் துணியை விலக்கினார். கோட்டு போட்டவர் எல்லோரையும் பார்த்தார். கையில் மைக் வந்தது.

"சுப்பராயலு எனக்கு அண்ணன் மாதிரி. கேட்ட அன்னிக்கு ஓவர்டைம் பாப்பாரு, லீவுன்னா இன்னான்னே தெரியாது. ஒடம்பு தளந்து போச்சு, நான்தான் சொன்னேன், அண்ணே, போதும், வூட்ல ஒக்காந்து பேரப்புள்ளைங்களுக்குக் காத்துனு இருன்னு. ரெண்டு மாசம் நிம்மதியா இருந்தாரு. நிம்மதியாவே போனாரு."

சில பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பூர்ணிமா எழுந்து நின்றாள்.

"செத்த அன்னிக்கு காலைல எங்கப்பா யார்டு பஸ்ல இருந்து எறங்கனாரு. நான் ஸ்டாப்புல நின்னுகினு பாத்தேன்."

உதயசூரியன் கோபப்படவில்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பரிவாகச் சொன்னார்.

"பழகின பஸ்ஸும்மா. டவுனுக்குப் போய்ட்டு வரும்போது கைய காட்டி ஏறியிருப்பாரு. நம்ம டிரைவருங்க அவரப் பாத்தா நிக்காமப் போவானுங்களா?"

"யூனிஃபார்ம்ல எறங்கனாரு."

"அவருகிட்ட வேற நல்ல சட்ட எது பாப்பா?"

யாரோ சிரித்து, உடனே இருமினார்கள். பூர்ணிமா கடைசி வரிசையைப் பார்த்தாள். கலைமணி தலையைக் குனிந்து பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தான், மறுபடி மூடினான். யார்டு ஆட்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறக்கவே இல்லை.

"அக்கா, ஒக்காரு" என்றான் மோகன்ராஜ். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. "அண்ணே, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. தூங்கல அவ."

"சேச்சே, பெத்தவனப் பறிகுடுத்த புள்ள" என்றார் உதயசூரியன். பந்திக்கு இலை போடச் சொன்னார்கள். வடை நன்றாக இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு, பின்கட்டில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியின் எதிரே வந்து நின்றாள் பூர்ணிமா.

"ஒனக்கு வேலை வேணும், நீ வாய மூடிக்கின. அந்தக் கலைமணிக்கு இன்னா வந்துச்சு? அப்பாவோட எத்தினி வருஷம் ஒண்ணா சோறு துன்னவன். நன்றி கெட்டவன்."

மோகன்ராஜ் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"கேக்குறேன்ல?"

"அவரு காலு எப்டிப் போச்சு, தெரியுமா ஒனக்கு?"

"பெட்டி உழுந்து."

"உழுந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரி செலவ ஏத்துக்கச் சொல்லி எல்லாரும் வேலைய நிறுத்திட்டு கேட்டாண்ட ஒக்காந்தாங்க. ஒருத்தர் மட்டும் பின்பக்கமா உள்ள பூந்து பெட்டி பிரிச்சாரு. அவர வச்சி உள்ள வேலை நடக்குதுன்னு காட்டி, மத்தவங்கள எழுப்பி உள்ள அனுப்பிட்டான் உதயசூரியன். கலைமணிக்கு பத்து பைசா தேறல."

பூர்ணிமா அவன் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"அப்பாதான்க்கா. நீ காலேஜ் சேந்த வருஷம். அதுக்கப்புறம் யார்டுல அவரோட ஒக்காந்து யாரும் சோறு துன்னல. அவரு தனியா பலகை சந்துல ஒக்காந்து துன்னுட்டு வருவாரு. கலைமணி அண்ணனே எங்கிட்ட சொன்னாரு, போன வாரம். திட்டல. சும்மா சொன்னாரு." அவன் அண்டாவைக் கவிழ்த்தான். "கலைமணி எடத்துல அப்பா இருந்திருந்தாலும் வாயத் தெறந்திருக்க மாட்டாரு. அடுத்த ஷிஃப்ட் எப்பன்னு கேட்டிருப்பாரு."

சமையற்கட்டிலிருந்து அலமு எட்டிப்பார்த்தாள். "ஆமா" என்றாள். "எனக்குத் தெரியும்." பிறகு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவைத் திட்ட வேண்டும்போல் இருந்தது பூர்ணிமாவுக்கு. ஏன்ப்பா அப்படிச் செய்தாய் என்று எதிரே நின்று கேட்டிருந்தால், நீ படிச்சியா இல்லியா என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்.

தம்பி கழுவி வைத்த அண்டாவை அவள் தூக்கினாள். கனமாக இருந்தது. அவன் மறுபக்கத்தைப் பிடித்தான். இருவரும் அதை உள்ளே கொண்டுபோனார்கள்.