தட்டில் வந்த மண்வாசம்

...இல்லை, அது ஈ.கோலிதான், சாதுவான கிருமி, திறந்த மேசையில் வேறு எதை வைப்பார்கள், அப்படியானால் ஏன் திரும்பத் திரும்ப மூக்கைக் கழுவினேன்? கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் தூக்கினேன், முகர்ந்தேன், அவ்வளவுதான், முன்பு வேலை பார்த்த மாவட்ட ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் எல்லோரும் செய்ததுதான், திராட்சை வாசம் வந்தால் ஒரு கிருமி, எலிப் புழுக்கை வாடை வந்தால் இன்னொன்று, மூக்காலேயே பெயர் சொல்வோம். இங்கே தாய்லாந்தின் உபோன் ஆய்வகத்தில் தட்டை முகரக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான், கை பழக்கதோஷத்தில் தூக்கிவிட்டது, வந்ததோ மண்வாசம்... மண்வாசம் என்றால் வயல் சேற்றுக் கிருமி, ஒவ்வொரு மழைக்காலமும் உழவர்களை வார்டில் கொண்டுவந்து போடுகிறதே, அது. எனக்குச் சர்க்கரை வேறு, சர்க்கரைக்காரர்களைத்தான் அது முதலில் பிடிக்கும். தட்டைத் திருப்பினால் எந்தக் கிருமி என்று அடியில் என் கையெழுத்தே சொல்லிவிடும், திருப்பவில்லை, பயம், மூடி வைத்துவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"என்னடி ஒராதை, சோத்தை உருட்டிக்கிட்டே இருக்கே? கோலி விளையாடப் போறியா?" சவீவன் அக்கா தன் ஒட்டரிசிக் கூடையை என் பக்கம் தள்ளுகிறாள், ஆய்வகத்தில் எனக்கு மூத்தவள், சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். சொன்னால் என்ன, மாத்திரை தருவார்கள், ஆனால் ஈ.கோலித் தட்டும் என் சேற்றுக் கிருமித் தட்டும் மாறியிருந்தால் அது சாதாரணச் சேற்றுக் கிருமிகூட இல்லையே, நான் செய்த வகையல்லவா? கிருமியின் வெளித்தோலில் புரதத்தால் ஆன குட்டி வாசல்கள், போரின் என்பார்கள், உணவும் அந்த வழிதான், மருந்தும் அந்த வழிதான். அந்த வாசலுக்கான மரபணுவை நானே வெட்டி எடுத்தேன், மருந்துக்கு நடுவில் கிருமி ஜம்மென்று வளர்ந்தது, கை தட்டினேன், அக்கா சுட்ட கோழி வாங்கித் தந்தாள், வெட்கம் கெட்டவள் நான், இரண்டு துண்டு தின்றேன். இப்போது அது என் நுரையீரலில் ஏதோ ஒரு செல்லுக்குள் புகுந்து பதுங்கிக்கொண்டால்? மருந்து எந்த வழியாகப் போகும்? வழியை அடைத்தவளே நான்தானே?

பப்பாளிக் கலவையில் புளித்த மீன் சாறு ஊற்றியிருக்கிறது, தெருவுக்கே மணக்கும், எனக்கு மண்வாசம்தான் வருகிறது... ஒருவேளை வெளியே தூறலோ?

"அக்கா, மண்வாசம் வருதா? மழை வரப்போகுதோ?"

"மழையா? வெயிலு மண்டையப் பொளக்குது. ஜன்னலும் சாத்தித்தானே கிடக்கு, ஏன்டி..." பேச்சு பாதியில் நிற்கிறது. கையில் இருந்த உருண்டையைக் கீழே வைக்கிறாள். "எந்தத் தட்டைடி மோந்தே?"

இது ஆளிடமிருந்து ஆளுக்கு அப்படித் தொற்றுகிற நோய் இல்லை, எனக்குப் பாடம் எடுத்ததே அக்காதான். ஆனாலும் அவள் நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்கிறது, அவளுக்கே தெரியாமல். வீண் பயம் என்று அவள் திட்டுவாள் என்றல்லவா இவ்வளவு நேரம் காத்திருந்தேன்... அக்காவும் பயந்தால், இது என் மனப்பிரமை இல்லையே?