நன்றியுரைக்கு எழும்பியவர்கள்

1.

[இந்த இடத்தில் யாரும் இருக்க வேண்டாம். ஞானாம்பிகை அக்காவுக்குப் பிடித்து வைத்திருக்கிறது. காரணம் பிறகு.]

2.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நன்றியுரையிலிருந்து பிறந்தது. அந்த நன்றியுரையை நான் கேட்கவில்லை. அது நடந்தபோது மண்டபத்தின் பின்பக்கம், சுடச்சுடப் பொரித்த றோல்ஸ் வாங்கும் வரிசையில் நின்றேன்.

மொன்றியலில் ஒரு தமிழ்க் கூட்டத்துக்காவது போனவர்கள் என்னை மன்னிப்பார்கள். விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று ஆண்கள் வரிசையாக வந்து போவார்கள். கடைசியில், நிகழ்ச்சி நிரலின் அடிவிளிம்பில், ‘நன்றியுரை: திருமதி இன்னார்’ என்று இருக்கும். ஒலிபெருக்கியில் ‘நன்றி’ என்ற சொல் கேட்டதும் கதிரைகள் இழுபடும். எங்களுக்கு அது பேச்சல்ல, சாப்பாட்டு மணி.

3.

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

‘வெளியே பனி ஓயாமல் பொழிந்துகொண்டிருந்தது. தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில்…’

[கூட்டம் நடந்தது ஜூன் மாதம். மொன்றியல் கதை என்றதும் பனி தானாகவே வந்துவிடுகிறது. துடைத்தாயிற்று.]

‘பெண் என்பவள் காலங்காலமாக…’

[இது என்னுடையதல்ல. தலைவர் சிவராசாவின் தலைமையுரையிலிருந்து என் பேனாவில் ஒட்டிக்கொண்டு வந்தது.]

‘ஞானாம்பிகையின் கையில் ஒரு கடதாசி இருந்தது.’

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

4.

ஞானாம்பிகையின் கையில் ஒரு கடதாசி இருந்தது. ஒரு பக்கத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்கள். மறுபக்கத்தில் என்ன இருந்தது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

வயது ஐம்பத்தெட்டு. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் வேலை. மொன்றியல் வெண்பனித் தமிழ் மன்றத்தின் தலைவர் சிவராசாவுக்கு மனைவி. மன்றத்துக்கு அவர் வேறு என்ன முறை என்று யாப்பில், அதாவது மன்றத்தின் சட்டவிதிகளில், சொல்லப்படவில்லை. யாப்பின்படி குடும்பத்துக்கு ஒரு வாக்கு; அதைக் குடும்பத் தலைவர் போடுவார். அந்த யாப்பைக் கணினியில் ரைப் செய்தவர் ஞானாம்பிகை.*

ஒன்பது வருடம், சனிக்கிழமைதோறும், இதே மண்டபத்தில் அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தார். பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, தமிழில் சமாதானமாகி வெளியே போகிற பதினான்கு பிள்ளைகள். போன வருடம் மன்றம் அந்த நேரத்தைக் கரம் பலகைச் சுற்றுப்போட்டிக்குக் கொடுத்தது. ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு ஒன்றுமில்லை. ஞானாம்பிகை தேநீர்ப் பானைக்குப் பின்னால் நின்று உயர்ந்த கைகளை எண்ணினார். தூக்க அவருக்கும் இரண்டு கை இருந்தது, வாக்குத்தான் இருக்கவில்லை.

[என் கையும் உயர்ந்தது. நான் கரம் நன்றாக விளையாடுவேன்.]

இந்த வருடப் பொதுக்கூட்டத்தில், அறிவு வளரட்டும் என்று, ஒரு சிறப்புரையையும் சேர்த்திருந்தார்கள்: ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சமூக, சமயச் சீர்திருத்த இயக்கங்கள்’. பேச வந்தவர் ஸ்ரீகுமார், சென்னைக்காரர், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். இல்-பிசாரிலிருந்து காரோட்டி வந்திருந்தார். சிவராசா காலத்தின் அருமை கருதி நாற்பது நிமிடம் அவரை அறிமுகப்படுத்தினார். பிறகு பொன்னாடை போர்த்தினார். பிறகு புகைப்படக்காரர் பின்தங்கிவிட்டதால் அதைக் கழற்றி மறுபடியும் போர்த்தினார்.

ஸ்ரீகுமார் நன்றாகத்தான் பேசினார். அடிமை முறையை ஒழிக்கப் புறப்பட்டவர்கள், இனிக் குடிக்கமாட்டோம் என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியவர்கள், தவிட்டோடு அரைத்த மாவில் ரொட்டி சுட்டால் ஒழுக்கம் வளரும் என்று நம்பியவர்கள். 1844 அக்டோபரில் ஒரு குறிப்பிட்ட நாளில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து, மறுநாள் விடிந்துவிட்டதைக் கண்டு அழுதார்களாம். ஞானாம்பிகைக்கு அவர்கள்மேல் ஒரு பாசம் வந்தது. அவரும் பதினொரு வருடமாகத் தலைமையுரை முடியும் என்று நம்பிக் காத்திருப்பவர்.

“1852. ஆல்பனி நகரம்,” என்றார் ஸ்ரீகுமார். ஆல்பனி இங்கிருந்து, எல்லையில் மறிக்காவிட்டால், நாலு மணித்தியாலக் கார் ஓட்டம். “மதுவிலக்குக் கூட்டம். ஒரு அம்மா பேச எழுந்திருக்காங்க. சகோதரிகளைப் பேசக் கூப்பிடலை, கேட்டுக் கத்துக்கத்தான் கூப்பிட்டோம்னு உட்காரச் சொல்லிட்டாங்க. அந்த அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? வெளிய போய், அன்னிக்குச் சாயங்காலமே தனியா ஒரு கூட்டம் போட்டாங்க!”

ஆண்கள் பலமாகக் கைதட்டினார்கள். அமெரிக்கர்களின் அநியாயம் எங்களை எப்போதும் உருக்கிவிடும்.

சிவராசா ஒலிவாங்கியை எட்டிப் பிடித்தார். “1848இலை துவங்கி எழுபத்திரண்டு வருஷம் போராடித்தான் அவையளுக்கு வாக்குக் கிடைச்சதாம். எங்கடை பெண்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அவைக்கும் சேத்து நாங்களே போடுறம்!”

இன்னும் பலமான கைதட்டல்.

ஞானாம்பிகை எழும்பினார். சிவராசா குனிந்து, “ரெண்டு நிமிஷம், ஞானம். சனம் பசியிலை நிக்குது,” என்றார்.

“ஒரு நிமிஷம் காணும்.”

அவர் கடதாசியைத் திருப்பிப் பிடித்தார். “பெருமதிப்புக்குரிய சபையோருக்கு நன்றி…”

[இந்த இடத்தில் நான் எழும்பினேன்.]

* பிழை திருத்தியதும் அவரே. ‘குடும்பத் தலைவர்’ என்பதில் எழுத்துப்பிழை ஒன்றும் இருக்கவில்லை, அதனால் கைவைக்கவில்லை என்றார்.

5.

பிறகு நடந்ததாக நான் எழுதிய முடிவுகள்:

(அ) அவர் கர்ஜித்தார். கையில் கடித்த றோல்ஸுடன் முப்பத்தொரு ஆண்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள். [நடக்காது. வெட்கப்படுவதென்றாலும் விழுங்கிவிட்டுத்தான் படுவோம்.]

(ஆ) அவர் குரல் தழுதழுத்தது. சிவராசாவின் கண்கள் கலங்கின. [என் மனைவி றொஷினி வாசித்துவிட்டுச் சொன்னது: “சிவராசாண்ணை கலங்கிறதெண்டால் ஒலிவாங்கி பழுதாப்போகவேணும்.”]

(இ) ஆல்பனிப் பெண்ணைப்போல் வெளியேறினார். மெற்றோ பிடித்து லவாலுக்குப் போய், அங்கே தனி மன்றம் தொடங்கினார். [அழகான முடிவு. ஆனால் அன்று என் தட்டில் சம்பல் வைத்தது ஞானாம்பிகை. வெளியேறியவர் சம்பல் வைக்கமாட்டார்.]

வேறு வழியில்லாமல் அவருக்கே தொலைபேசி எடுத்தேன்.

6.

டோர்வலில் அவருக்கு இடைவேளை. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

“அக்கா, அண்டைக்கு நன்றியுரையிலை என்ன சொன்னனீங்கள்?”

“நீர் எங்கை நிண்டனீர்?”

“றோல்ஸ் எடுக்க…”

“எத்தினை எடுத்தனீர்?”

“ரெண்டு.”

“மூண்டு. நான் மேடையிலை நிண்டு பாத்தனான்.”

பிறகு சொன்னார். நன்றி ஒரு வரிதான். இரண்டாவது வரி தீர்மானம்: குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்பது ஆளுக்கு ஒரு வாக்கு என்று மாறவேண்டும். பிரேரிக்க மன்றத்தில் யாருக்கும் உரிமை உண்டு; வழிமொழிய மட்டும் வாக்குள்ள ஒருவர் வேண்டும். ‘ஆராவது வழிமொழியிறியளோ?’ என்று மூன்று தரம் கேட்டாராம். முன்வரிசையில் எஞ்சியிருந்தவர் பொன்னாடையோடு ஸ்ரீகுமார் மட்டும்.

“பாவம், அந்த மனிசன் கையைத் தூக்கினவர். ‘நான் கெஸ்ட்தான் மேடம், ஆனா தூக்கலாமா?’ எண்டு கேட்டவர்.”

“சிவராசாண்ணை?”

“தலைவர் வழிமொழியக் கூடாதாம். ஆளில்லாதபடியாலே தீர்மானம் தள்ளுபடி எண்டு அறிவிச்சுப்போட்டு, கீழை வந்து றோல்ஸ் இருக்கோ எண்டார்.”

“இருந்ததோ?”

“எங்கை? நீர் மூண்டு எடுத்தால்?”

“அப்ப கதை முடிஞ்சுதோ, அக்கா?”

“ஏன் முடியவேணும்? இருவது கையெழுத்து இருந்தால் விசேட பொதுக்கூட்டம் கூட்டவேணும் எண்டு யாப்பிலை கிடக்கு. ரைப் பண்ணினது நான் எல்லோ? வாசிச்சுக்கொண்டுதான் பண்ணினனான். கையெழுத்து எடுத்தாச்சு. வாற ஞாயிறு கூட்டம். சனிக்கிழமை வகுப்பு திரும்பி வரவேணுமெண்டால் முதல் இது வரவேணும்.”

மூன்று முடிவுகளையும் வாசித்துக் காட்டினேன். கர்ஜனைக்குச் சிரித்தார். அழுகைக்கு, “எனக்கு அழ நேரமில்லை, சொல்லிப்போடும்,” என்றார். பிறகு கேட்டார்:

“என்னைக் கதையிலை எங்கை போட்டிருக்கிறீர்?”

“கடைசியிலை அக்கா. உச்சக்கட்டம் அதுதானே.”

“அதைத்தான் இவரும் பதினொரு வருஷமாச் சொல்லுறார். ‘முத்தாய்ப்பாய் நீர், ஞானம்.’ முதல்லை போடும், தம்பி. சனம் இருக்கேக்கை.”

தட்டுகள் மோதின. இடைவேளை முடிந்துவிட்டது.

7.

ஆகவே முதலாம் பகுதியில் பிடித்து வைத்த இடத்தில் இப்படி எழுதிக்கொள்ளவும்:

குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்பது ஆளுக்கு ஒரு வாக்கு என மாறவேண்டும்.
முன்மொழிபவர்: ஞானாம்பிகை.
வழிமொழிபவர்: ………………

அந்தப் புள்ளிகளின்மேல் என் பெயரை எழுதுவதாக அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் இரண்டு மணி, அதே மண்டபம். றோல்ஸும் உண்டாம். றொஷினி எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறாள். எழும்பாமல் இருந்தேன், வென்றோம் என்று இப்போதே எழுதி வைத்தால் இது தலைமையுரை ஆகிவிடும். எனவே முடிவு என்னிடம் இல்லை.

இனி எஞ்சியிருப்பது நன்றியுரை. இவ்வளவு நேரம் கதிரையை இழுக்காமல் இருந்த வாசகருக்கு நன்றி.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகும் இருக்கிறீர்களா?

அப்படியென்றால், கையைத் தூக்குங்கள்.